ஆறு வயதில் அடைத்துப்போன இதயக் குழாய்கள்: ஒரு சிறுமியின் நிகழ்வு ஆய்வு

இது நாற்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் நடந்தது. மருத்துவ இதழ்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது, அன்றைய செய்தித்தாள்களிலும் வந்தது. சிறுமியின் பெயர் அப்போதே பலருக்குத் தெரியும், ஆனாலும் இங்கே பெயர் தேவையில்லை, சிறுமி என்றே எழுதுகிறேன்.

இதை எடுத்து எழுத ஒரு காரணம் உண்டு. எல்டிஎல் கொழுப்புக்கும் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) ரத்தக் குழாய் அடைப்புக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் மாத்திரை விற்கிற வேலை என்று சொல்லும் செய்திகள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒன்றாவது வந்து விழுகிறது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களிடம் இதை வாதாடிப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் ஐம்பது வயது ஆளிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி, தூக்கமின்மை என்று பத்துக் காரணம் கலந்து கிடக்கும், எது எவ்வளவு செய்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆறு வயதுக் குழந்தையிடம் அந்தக் கலப்படம் எதுவும் கிடையாது.

டெக்சாஸ், 1983

சிறுமி டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவள். ஆறு வயதிலேயே அவளுக்கு மாரடைப்பு வந்து, பைபாஸ் செய்து, இதயத்தின் வால்வு ஒன்றையும் மாற்றியிருந்தார்கள். ரத்தத்தில் மொத்த கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டி இருந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு 170க்குள் இருந்தால்தான் சரி என்பார்கள்.

இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளிடம் முதலில் சேதி சொல்வது தோல்தான். முழங்கை, முழங்கால், புட்டம், விரல் இடுக்கு, இங்கெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் தடிப்புகள் வரும். வலிக்காது, அரிக்காது. பார்க்க மரு மாதிரி இருப்பதால் பல வீடுகளில் களிம்பு தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்தத் தடிப்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், கொலஸ்ட்ராலை விழுங்கி விழுங்கி நுரை போல உப்பிய செல்கள் தெரியும். இதயக் குழாயின் உள்சுவரில் சேர்வதும் இதே மாதிரி செல்கள்தான். இந்தச் சிறுமிக்கும் அந்தத் தடிப்புகள் இருந்தன.

நோயின் பெயர் பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் நோய். தோல் தடிப்பு, மிகுந்த கொலஸ்ட்ரால், இளவயது இதயநோய் மூன்றும் குடும்பங்களில் ஒன்றாக வருவதை நார்வேயில் கார்ல் முல்லர் என்ற மருத்துவர் 1930களின் கடைசியிலேயே எழுதிவிட்டார். 1960களில் லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்த கச்சதூரியன், இதில் இரண்டு படி இருப்பதைக் காட்டினார். தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் குறையுள்ள மரபணு வந்தால் கொலஸ்ட்ரால் இரண்டு மடங்கு போல ஏறும், நாற்பது ஐம்பது வயதில் மாரடைப்பு வரும். இருவரிடமிருந்தும் வந்தால் அளவு 600லிருந்து 1000 வரை போகும், மாரடைப்பு குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். இந்தச் சிறுமி இரண்டாவது வகை.

துகள் என்ன செய்கிறது

இதைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மேலே நடந்தது புரியும்.

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் கல்லீரல் அதையும் மற்ற கொழுப்பையும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டித்தான் ரத்தத்தில் விடுகிறது. விடும்போது அது பெரிய பொட்டலம், பெயர் விஎல்டிஎல். போகும் வழியில் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் சரக்கை இறக்கி இறக்கிச் சுருங்கும். சுருங்கியவற்றில் ஒரு பகுதியைக் கல்லீரலே திரும்ப எடுத்துக்கொள்ளும், மிச்சம் இன்னும் சுருங்கி எல்டிஎல் ஆகும். (இந்தத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.) ஒரு எல்டிஎல் துகளின் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே ஏறக்குறைய 1500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள், வெளியே சுற்றிக்கொண்டு அபோ-பி என்ற பெரிய புரதம் ஒன்றே ஒன்று.

அந்த எல்டிஎல்லையும் பெரும்பாலும் கல்லீரல்தான் ரத்தத்திலிருந்து எடுக்கிறது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது, அது அபோ-பியைப் பிடித்து, துகளை முழுசாக உள்ளே இழுத்துவிடும். சாதாரண ஆளின் ரத்தத்தில் ஒரு எல்டிஎல் துகள் இரண்டரை நாள் போல இருக்கும். இரண்டு மரபணுவும் குறைபட்டவர்களிடம் ஆறு நாள் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சுற்றும் துகள்களில் சில எப்போதும் ரத்தக் குழாயின் உள்சுவருக்குள் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன, இது எல்லோருக்கும் நடப்பதுதான். எண்ணிக்கை கூடக் கூட உள்ளே போவதும் கூடும், அதில் சில அங்கேயே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அபோ-பியின் சில இடங்கள் சுவரில் உள்ள இழைகளோடு ஒட்டும் தன்மை உள்ளவை. மாட்டிக்கொண்ட துகள் கெட்டுப்போகிறது. கெட்டதை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன.

இங்கே ஒரு குழப்பம் பல வருடம் இருந்தது. இந்தக் குழந்தைகளின் செல்களுக்குத்தான் எல்டிஎல் ஏற்பியே கிடையாதே, பிறகு அந்த வெள்ளணுக்களுக்குள் மட்டும் கொலஸ்ட்ரால் எப்படிப் போனது? 1979ல் டாலஸ் நகரத்து ஆய்வாளர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் விடை கண்டார்கள். கெட்டுப்போன, வேதி மாற்றம் அடைந்த எல்டிஎல்லை எடுக்க வெள்ளணுக்களிடம் வேறொரு ஏற்பி இருக்கிறது. சாதாரண ஏற்பி, செல்லுக்குள் போதுமான கொலஸ்ட்ரால் வந்ததும் தானே குறைந்துவிடும். இந்த இன்னொரு ஏற்பிக்கு அப்படிப் போதும் என்ற கணக்கே இல்லை. வெள்ளணு வெடிக்கும் வரை தின்றுகொண்டே இருக்கும்.

டாலஸ் ஆய்வுக்கூடத்தில் பார்த்தது

சிறுமியின் தோலிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, எல்டிஎல் ஏற்பி எந்த நிலையில் இருக்கிறது என்று அதே குழு பார்த்தது. அம்மாவிடமிருந்து வந்த மரபணு ஏற்பியை உருவாக்கவே இல்லை. அப்பாவிடமிருந்து வந்த மரபணு ஏற்பியின் முன்வடிவத்தை உருவாக்கியது, ஆனால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேரவில்லை, எல்டிஎல்லைப் பிடிக்கவும் அதனால் முடியவில்லை. அதாவது இரண்டு பக்கத்திலும் வேறு வேறு குறை, பலன் மட்டும் ஒன்றுதான்.

அடுத்து கதிரியக்க அயோடின் அடையாளம் போட்ட எல்டிஎல்லை அவள் ரத்தத்தில் செலுத்தி, அது எவ்வளவு வேகத்தில் மறைகிறது என்று அளந்தார்கள். மிக மிக மெதுவாக மறைந்தது. பிரச்சினை அவள் என்ன சாப்பிட்டாள் என்பதில் இல்லை, துகளை வெளியேற்றும் வழியில் இருக்கிறது என்பது இதோடு உறுதியானது. அறுவை சிகிச்சைக்கு முன் எல்டிஎல் கொலஸ்ட்ரால் மட்டும் 988.

நம் ஊரில் கொலஸ்ட்ரால் என்றதும் எண்ணெயையும் முட்டையையும்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குழந்தையை வெறும் கஞ்சியில் வளர்த்திருந்தாலும் அந்த எண் பெரிதாக மாறியிருக்காது. இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள், நான் என்ன கொடுத்துக் கெடுத்தேனோ என்று தங்களையே நொந்துகொள்வது நியாயமே இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

கையில் என்ன வழிகள் இருந்தன என்று பார்த்தால் நிலைமையின் இறுக்கம் தெரியும்.

மாத்திரை: ஸ்டாட்டின் வகை மருந்து அப்போது ஆய்வு நிலையில் இருந்தது, கடைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் இவளுக்குப் பயன் இருந்திருக்காது. ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும், அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை மேற்பரப்புக்கு அனுப்பும், அவைதான் ரத்தத்தில் உள்ள எல்டிஎல்லை இழுக்கும். ஏற்பியே செய்ய முடியாத கல்லீரலிடம் கூடுதலாக அனுப்பு என்று சொல்லி என்ன ஆகும்? சில வருடம் கழித்து ஏற்பி இல்லாத வேறு குழந்தைகளுக்கு லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது எல்டிஎல் குறையவே இல்லை.

ரத்தத்தைச் சுத்திகரிப்பது: ரத்த நீரைத் திரும்பத் திரும்ப மாற்றும் முறை 1970களின் நடுவிலேயே லண்டனில் தொடங்கிவிட்டது. எண்ணைக் குறைக்கும், ஆனால் ஏற்கெனவே சிதைந்த இதயத்தைச் சரிசெய்யாது.

குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தத்தைத் திசைதிருப்பும் அறுவை சிகிச்சை: 1973ல் தாமஸ் ஸ்டார்ஸல் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இதே நோயுள்ள வேறொரு சிறுமிக்குச் செய்தார், கொலஸ்ட்ரால் ஓரளவு இறங்கியது. ஓரளவுதான்.

மிச்சம் இருந்தது உறுப்பு மாற்று. இதயத்தை மட்டும் மாற்றினால் அதே 988 எல்டிஎல் ஓடும் ரத்தம் புது இதயத்தின் குழாய்களையும் சில வருடத்தில் அடைத்துவிடும். கல்லீரலை மட்டும் மாற்றலாம் என்றால், அவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையை அந்த இதயம் தாங்காது. ஆக இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. உடல் உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்காவில் 1983 கடைசியில்தான் அனுமதி கிடைத்திருந்தது, அது இல்லாமல் இந்த யோசனைக்கே இடமில்லை.

துணிந்து எடுத்த முடிவுதான். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்ததல்ல. நோயின் இடம் எது என்று ஆய்வுக்கூடத்தில் உறுதியாகத் தெரிந்த பிறகே கத்தியைத் தொட்டார்கள். எந்த உறுப்பை ஏன் மாற்றுகிறோம் என்ற தெளிவு முன்கூட்டியே இருந்தது என்பது இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மதிப்பாகப் படுகிறது.

14 பிப்ரவரி 1984, அதன் பிறகு

பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், ஸ்டார்ஸல் தலைமையில், ஒரே கொடையாளரின் இதயமும் கல்லீரலும் சிறுமிக்குப் பொருத்தப்பட்டன. அப்போது அவளுக்கு ஆறே முக்கால் வயது.

முதல் பத்து வாரத்தில் மொத்த கொலஸ்ட்ரால் 1000க்கு மேலிருந்து 270க்கு இறங்கியது. எல்டிஎல் 988லிருந்து 184, அதாவது 81 சதவீத இறக்கம். சாப்பாடு மாறி இறங்கியதில்லை, அவள் உடம்பின் மற்ற செல்களில் இருந்த மரபணுக்களும் அதே பழையவைதான். மாறியது துகளைப் பிடிக்கும் உறுப்பு. தோல் தடிப்புகளும் சுருங்க ஆரம்பித்தன.

அடையாளம் போட்ட எல்டிஎல்லை மறுபடி செலுத்தி அளந்தபோது, துகள் வெளியேறும் வேகம் இரண்டரை மடங்கு கூடியிருந்தது. இங்கேதான் முன்னால் சொன்ன கணக்கு வருகிறது, ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே குழாயில் தண்ணீர் வருகிறது, அடியில் ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டை வழியாகப் போகும் வேகம் இரண்டரை மடங்கு கூடினால் தொட்டியின் மட்டம் இரண்டரையில் ஒரு பங்காகும். 988ஐ இரண்டரையால் வகுத்தால் 395. ஆனால் நின்றது 184ல். அப்படியானால் மேலே இருந்து வருவதும் பாதிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். எப்படிக் குறையும்? புதுக் கல்லீரலின் ஏற்பிகள் எல்டிஎல்லை மட்டும் பிடிப்பதில்லை, எல்டிஎல்லாக மாறுவதற்கு முன்பே, பாதி சுருங்கிய நிலையில் வரும் பொட்டலங்களையும் பிடித்துவிடுகின்றன. பழைய கல்லீரல் அவற்றைச் சரியாகப் பிடிக்க முடியாமல் விட்டதால் அவை எல்டிஎல் ஆகிக் குவிந்தன. ஒரே ஏற்பி, இரண்டு வாசலைக் காக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கல்லீரலின் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்கே முழுசாக உறைத்தது.

184 என்பதும் ஒரு குழந்தைக்கு அதிகம்தான். அதனால் அடுத்து லோவாஸ்டாட்டின் கொடுத்தார்கள். ஏற்பி இல்லாதவர்களிடம் கொஞ்சமும் வேலை செய்யாத அதே மருந்து வகை இப்போது வேலை செய்தது, ஏனென்றால் இப்போது ஏற்பியைக் கூட்டத் தெரிந்த கல்லீரல் உள்ளே இருக்கிறது. கொலஸ்ட்ரால் இயல்பான அளவுக்கு வந்தது, 1986ல் இதைத் தனி அறிக்கையாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம், 1985ல், எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் நோபல் பரிசு கிடைத்திருந்தது.

சிறுமி ஊருக்குத் திரும்பினாள், பள்ளிக்கூடம் போனாள். ஆனால் பிறகு ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) வந்து அந்தக் கல்லீரல் கெட்டது. 1990 பிப்ரவரியில் இரண்டாவது முறை கல்லீரல் மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, மாற்றிய இதயத்தை உடல் நிராகரித்ததால், 13 வயதில் இறந்துபோனாள். முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறே முக்கால் வருடம் வாழ்ந்தாள், அறுவை சிகிச்சைக்கு முன் வாழ்ந்த அதே அளவு காலம்.

இன்று வந்திருந்தால் என்ன மாறும்

முதல் மாற்றம் நேரம். தோலில் அந்தத் தடிப்பைப் பார்த்த அன்றே ரத்தம் எடுத்திருப்பார்கள், அல்லது எடுத்திருக்க வேண்டும். ஆறு வயதில் இதயம் கெட்ட பிறகு பார்ப்பதும் இரண்டு வயதில் தடிப்போடு மட்டும் பார்ப்பதும் ஒன்றல்ல. சீக்கிரம் வந்தால் இதயத்தைத் தொடாமல் கல்லீரலை மட்டும் மாற்றுவது சாத்தியம், அப்படிப் பல குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார்கள்.

மருந்துகளும் மாறிவிட்டன. டயாலிசிஸ் மாதிரி இயந்திரம் வைத்து எல்டிஎல்லை மட்டும் வடித்தெடுக்கும் முறை இருக்கிறது. ஏற்பியைச் சிதைக்கும் பிசிஎஸ்கே9 புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2015ல் வந்தன, ஆனால் அவையும் ஏற்பியை நம்பித்தான் வேலை செய்கின்றன, அதனால் இந்தச் சிறுமி போன்றவர்களுக்கு உதவாது. ஏற்பியே இல்லாமல் வேறு வழியில் எல்டிஎல்லைக் குறைக்கும் எவினாக்குமாப் 2021ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு மரபணுவும் குறைபட்டவர்களிடம் நடந்த சோதனையில் எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஏற்பி அறவே இல்லாதவர்களிடமும் குறைந்தது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

எதிர்ப்பக்க ஆதாரமும் இப்போது இருக்கிறது. 2006ல் அதே டாலஸ் நகரத்து ஆய்வாளர்கள் இந்தச் சிறுமிக்கு நேர் எதிரானவர்களைப் பற்றி எழுதினார்கள். பிசிஎஸ்கே9 மரபணு பிறவியிலேயே கெட்டுப்போனதால் ஏற்பி கூடுதலாக இருக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள். அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதயக் குழாய் நோய் 88 சதவீதம் குறைவு. பிறந்த நாளிலிருந்து துகள் குறைவாக இருந்ததால்தான் இவ்வளவு பெரிய வித்தியாசம். சிறுமியிடம் ஆறே வருடத்தில் நடந்தது நம்மிடம் அறுபது வருடத்தில் மெல்ல நடக்கிறது, எவ்வளவு துகள் எவ்வளவு காலம் என்பதுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

அதனால் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்திலும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். எல்டிஎல் எண் காட்டுவது துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடையை, துகள்களின் எண்ணிக்கையை இல்லை. சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பும் கூடுதலாக உள்ளவர்களிடம் துகள்கள் சிறிதாக, ஒவ்வொன்றிலும் சரக்குக் குறைவாக இருக்கும், அதனால் எல்டிஎல் பரவாயில்லை என்று தெரிந்தாலும் எண்ணிக்கை அதிகமாக இருக்கலாம். ஒரு துகளுக்கு ஒரு அபோ-பி என்பதால் அபோ-பி பரிசோதனை அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒருமுறையாவது இதைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகக் குடும்பம். இந்தச் சிறுமியின் பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒரு குறையுள்ள மரபணுவைச் சுமந்தார்கள். ஒற்றை மரபணுக் குறை உலகில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று இப்போது கணக்கிடுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் நம் வீடுகளில் ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு இன்னும் கூடுதல். உங்கள் வீட்டில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அல்லது யாருக்காவது எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் பாருங்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தைக்கு இரண்டு வயதிலிருந்தே எடுக்கலாம். முதல் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.